குழாயடியோடு போன சைகைகள்
கையை ஆட்டித் திட்டும் பழக்கம் கைபேசி வந்ததால்தான் ஒழிந்தது என்று ஒரு கட்டுரையில் படித்தேன். எங்கள் அம்பாசமுத்திரம் பக்கம் அது கைபேசிக்கு முன்பே குறைய ஆரம்பித்துவிட்டது. வீட்டுக்கு வீடு குழாய் வந்ததுதான் காரணம் என்பேன். தெருக்குழாயில் குடம் வரிசையாக நிற்கும்போதுதான் அந்த வித்தையெல்லாம் வெளியே வரும். எங்கள் ஆச்சி வாயையே திறக்கமாட்டாள். குடத்தை இடுப்பில் ஏற்றி, நாலு எட்டு நடந்து, திரும்பி நின்று முகவாயைத் தோளில் ஒரு இடி இடிப்பாள். அவ்வளவுதான், எதிராளிக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. ரொம்ப முற்றினால் விரல்களை நெரித்துச் சொடக்கு விடுவது, மண்ணை வாரித் தூற்றுவது. பார்க்க நாலு பேர் இல்லாவிட்டால் இதையெல்லாம் யாரிடம் காட்டுவது? அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் நடுவிரல் வெளிநாட்டுச் சினிமா கொண்டுவந்த புதுச்சரக்கு என்கிறார். நமக்குப் புதிது, சரி. ஆனால் பழங்கால ரோமாபுரிக்காரர்களே அதை லத்தீனில் ‘வெட்கங்கெட்ட விரல்’ என்றுதான் சொன்னார்கள். எனக்கு ஆச்சரியம் கட்டைவிரல்தான். அதை நிமிர்த்தி ஆட்டினால் எங்கள் ஊரில் ‘ஒண்ணும் கிடையாது, போலே’ என்று அர்த்தம். 2009-இல் ஃபேஸ்புக்கில் லைக் பொத்தான் வந்தபிறகு அதுவே பாராட்டாகிவிட்டது. போன மாதம் என் பெரியம்மா செலவுக்குப் பணம் கேட்டு மகனுக்கு வாட்ஸப்பில் குரல்பதிவு அனுப்பினாள். பதிலுக்கு ஒற்றைக் கட்டைவிரல் வந்தது. “பெத்தவளுக்கே பெப்பே காட்டுதான் பாத்தியாடே” என்று ரெண்டு நாள் அவனோடு பேசவில்லை. பணம் என்னவோ அன்றைக்குச் சாயங்காலமே வந்துவிட்டது.