பிளக் பாயின்ட் இருக்கும் இடமாகப் பாருங்கண்ணே

(மதுரை சிம்மக்கல்லில் ஒரு கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடை. சனிக்கிழமை மதியம். கடைக்காரர் முருகேசன், கடையில் இருக்கும் இரண்டு கம்ப்யூட்டரிலும் விண்டோஸுக்குப் பதிலாக இலவச லினக்ஸ் இயங்குதளம் போட்டிருப்பவர். மரியம், ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர், எம்.எஸ். ஆபீஸுக்குப் பதிலான இலவச லிப்ரே ஆபீஸைத் தவிர வேறெதையும் திறக்க மாட்டேன் என்று வீம்பாக இருப்பவர். ஊரில் லினக்ஸ் பயன்படுத்துகிறவர்கள் மாதம் ஒருமுறை சும்மா கூடிப் பேசலாமே என்று தொடங்கிய வாட்ஸ்அப் குழுவுக்கு இவர்கள் இருவரும்தான் பொறுப்பு, அதாவது மற்ற யாரும் பொறுப்பேற்கவில்லை.)

முருகேசன்: வாம்மா. அந்தப் பேப்பர் கட்டைத் தள்ளிவிட்டு உட்கார். ஓட்டெடுப்பு என்ன ஆச்சு?

மரியம்: சனி, ஞாயிறு, காலை, மாலை என்று நாலு கட்டம் கொடுத்தேன். எல்லோரும் நாலையும் டிக் அடித்திருக்கிறார்கள்.

முருகேசன்: பிறகென்ன, எப்போது வைத்தாலும் வருவார்கள்.

மரியம்: எப்போது வைத்தாலும் வரமாட்டார்கள் என்று அர்த்தம். "அன்றைக்கு முடியாது, மறுநாள் வைங்க" என்று சண்டை போடுகிறவன்தான் வருவான். எதுவானாலும் ஓகே என்கிறவன் கல்யாணத்துக்கே மொய்யை மட்டும் கொடுத்தனுப்புகிற ஆள்.

முருகேசன்: சரி, ஞாயிறு காலை பத்து மணி?

மரியம்: பாதிப் பேர் கறிக்கடை வரிசையில் நிற்பார்கள். மதியம் அந்தக் கறியைச் சாப்பிட்டுவிட்டுத் தூங்குவார்கள். சாயங்காலம் நீங்களே இருக்க மாட்டீர்கள், மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் ப்ரூஃப் பார்க்க வருவார்கள்.

முருகேசன்: அதை ஏன் கேட்கிறாய், ஒரு பத்திரிகைக்கு ஒரு வேன் ஆள் வருகிறது. போன வாரம் பெரிய சித்தப்பா பெயர் சின்ன சித்தப்பா பெயருக்குக் கீழே வந்துவிட்டது என்று கல்யாணமே நிற்கப் பார்த்தது, கடைசியில் இரண்டு பெயரையும் ஒரே வரியில் போட்டு எழுத்தைச் சின்னதாக்கினேன், இப்போது யார் பெயரையும் யாராலும் படிக்க முடியாது, இரண்டு சித்தப்பாவுக்கும் நிம்மதி. முகூர்த்த மாதத்தில் என்னைக் கணக்கிலேயே சேர்க்காதே. ஆடியில் வை, ஆடி முழுக்க நான் ஈ ஓட்டிக்கொண்டிருப்பேன்.

மரியம்: ஆடியிலா? ஜூலை 31-க்குள் வருமான வரிக் கணக்கு போடுவதற்கு ஊரே எங்கள் அலுவலக வாசலில் நிற்கும். நீங்கள் ஈ ஓட்டும்போது நான் சோறு தின்னாமல் இருப்பேன். மார்கழி?

முருகேசன்: மார்கழியில் கல்யாணம் இல்லை, ஆனால் சிவகாசியிலிருந்து வரும் காலண்டரில் நகைக்கடை, மளிகைக்கடைக்காரர்கள் பெயரை அடிக்க வேண்டும். உனக்கு மாதத்தில் எந்தத் தேதிதான் தோதுப்படும்?

மரியம்: 7-ஆம் தேதி டி.டி.எஸ் வரி கட்டும் கெடு. 11-ஆம் தேதி ஜி.எஸ்.டி விற்பனைக் கணக்கு, ஜி.எஸ்.டி.ஆர் ஒன்று. 20-ஆம் தேதி ஜி.எஸ்.டி வரிக் கணக்கு, மூன்று பி. நான் நேற்று உட்கார்ந்து லிப்ரே ஆபீஸ் கால்க்கில் ஒரு கணக்குத் தாள் போட்டேண்ணே. முதல் சனி 1-லிருந்து 7-க்குள் விழும், இரண்டாம் சனி 8-லிருந்து 14, மூன்றாம் சனி 15-லிருந்து 21. மூன்றிலும் ஒரு கெடு உட்கார்ந்திருக்கிறது. நாலாம் சனி 22-லிருந்து 28, சுத்தம். பேங்குக்கும் 2015-லிருந்து நாலாம் சனி லீவு, அதனால் நம் குழுவில் இருக்கும் பேங்க்கார அண்ணனுக்குச் சாக்கு கிடையாது.

முருகேசன்: ஒரு கூட்டத்துக்கு இவ்வளவு கணக்கா! ஜாதகத்துக்கே இவ்வளவு பார்க்க மாட்டார்கள்.

மரியம்: பார்க்காமல் வைத்ததால்தானே போன தடவை அழகர் ஆற்றில் இறங்குகிற அன்றைக்கு கோரிப்பாளையம் பக்கம் கூடலாம் என்று ஒருவர் போட்டார்? ஊரே அங்கே கூடியது, நம் ஆட்களைத் தவிர.

முருகேசன்: சரி, நாலாம் சனி. அந்த உசிலம்பட்டித் தம்பியிடம் சொல்லி முந்தின மாதிரியே நினைவூட்டல் போடச் சொல்லிவிடு.

மரியம்: வேண்டவே வேண்டாம். குறித்த நேரத்தில் வேலையைத் தானாக ஓட்டும் கிரானில் தேதி இடத்தில் 22-28 என்றும் கிழமை இடத்தில் சனிக்கு 6 என்றும் எழுதி வைத்தது அந்தத் தம்பிதான். இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தால் மட்டும் ஓடும் என்று நினைத்திருக்கிறது. கிரானில் அந்த இரண்டையும் சேர்த்து எழுதினால் இதுவோ அதுவோ என்றுதான் எடுத்துக்கொள்ளும். எல்லாச் சனிக்கிழமையும் அடித்தது, அது போதாதென்று 22-லிருந்து 28 வரை தினமும் அடித்தது.

முருகேசன்: அதனால்தான் ரிட்டையர்டு தமிழ் வாத்தியார் செவ்வாய்க்கிழமை டீக்கடை வாசலில் தனியாக லேப்டாப்போடு நின்றாரா!

மரியம்: நின்றது மட்டுமா, புதன்கிழமையும் வந்தார். "கூட்டம் நன்றாக நடக்கிறது, ஆள்தான் குறைவு" என்று குழுவில் எழுதினார். அந்த நல்ல மனுஷரை நினைத்தாவது, கிரானில் கிழமையை மட்டும் வைத்து, தேதியைக் கமாண்டுக்குள் சோதிக்கச் சொல்லியிருக்கிறேன்.

முருகேசன்: நேரம்?

மரியம்: நாலு மணி. நான் அரைநாள் வேலை முடித்து வந்துவிடலாம், மஃரிபு தொழுகைக்கு முன்னால் வீட்டுக்கும் போய்விடலாம். நோன்பு மாதத்திலும் பிரச்சனை இல்லை. நீங்கள் எல்லோரும் என் எதிரில் பஜ்ஜி தின்றுகொள்ளுங்கள், என் பங்கைப் பார்சல் கட்டிக் கொடுத்துவிடுங்கள். மார்ச் கடைசியில் மட்டும் என்னைத் தேடாதீர்கள்.

முருகேசன்: இடம்தான் இனி. தெப்பக்குளம் போகலாமா? சாயங்காலம் நல்ல காற்று, சுண்டல், மசாலா பொரி.

மரியம்: திருமலை நாயக்கர் 1645-இல் அவ்வளவு பெரிய குளம் வெட்டினார், ஒரு பிளக் பாயின்ட் வைக்க மறந்துவிட்டார். நம் ஆட்களின் லேப்டாப்பெல்லாம் மற்றவர்கள் தூக்கிப்போட்டதில் லினக்ஸ் ஏற்றி ஓட்டுவது, வயரைப் பிடுங்கினால் பத்து நிமிடம் தாங்காது.

முருகேசன்: நத்தம் ரோட்டில் கலைஞர் நூலகம்? 2023-இல் திறந்தது, 2 லட்சம் சதுர அடிக்கு மேல், ஏசி, லிஃப்ட். எங்கே பார்த்தாலும் பிளக் பாயின்ட்.

மரியம்: பேசக்கூடாதே. நம் ஆட்கள் எந்த லினக்ஸ் நல்லது, உபுண்டுவா டெபியனா என்று ஆரம்பித்தால் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் எழுந்து வந்து அடிப்பார்கள், அடித்தால் நியாயம்தான். தனியாகக் கூடம் கேட்கலாம் என்றால் எந்த அமைப்பின் பெயரில் கேட்பது? நம் குழுவின் பெயரே இன்னும் "நியூ குரூப்"தான்.

முருகேசன்: காந்தி மியூசியம் என்று ஒருவர் சொன்னாரே. சுதந்திர மென்பொருள், சுதந்திரப் போராட்டம், பொருத்தமாக இருக்கும் என்று.

மரியம்: ராணி மங்கம்மாள் அரண்மனை, அருமையான மரநிழல், எல்லாம் சரி. ஆனால் காந்தி சுடப்பட்டபோது உடுத்தியிருந்த ரத்தக்கறைத் துணி உள்ளே இருக்கிறது, வெளியே உட்கார்ந்துகொண்டு எந்த எடிட்டர் நல்லது, இ-மேக்ஸா விம்மா என்று கத்த எனக்கு மனசு வரவில்லை.

முருகேசன்: பைபாஸ் ரோட்டில் அந்தக் காபி கடை?

மரியம்: ஒரு காபி 200 ரூபாய். நம் ஆட்கள் காசு கொடுக்க வேண்டாம் என்பதற்காகவே பாதிப் பேர் லினக்ஸுக்கு வந்தவர்கள். போன தடவை ஒரு காபிக்கு ஆறு ஸ்ட்ரா கேட்டார்கள். அதிலும் அந்த வைஃபையில் 6 ஜிபி உபுண்டுவை இறக்கப் போய், கல்லாவில் இருந்த பையனுக்கு பில் போடும் மிஷின் நின்றுபோய், எங்களை அவன் பார்த்த பார்வை இருக்கிறதே. இனி பென்டிரைவில் வீட்டிலேயே இறக்கிக் கொண்டுவர வேண்டும் என்பது என் முதல் விதி.

முருகேசன்: இரண்டாம் விதி வேறு இருக்கிறதா?

மரியம்: இருக்கிறது. இடம் எப்படி வேண்டும் என்று கேட்டபோது ஆண்கள் எல்லோரும் பிளக் பாயின்ட் என்று எழுதினீர்கள். ஒருத்தராவது பாத்ரூம் இருக்கிறதா என்று கேட்டீர்களா? இரண்டு மணி நேரம் உட்கார வைத்துவிட்டு, பெண்கள் ஏன் வருவதில்லை என்று ஒரு அரை மணி நேரம் கவலையாக விவாதம் வேறு.

முருகேசன்: (தலையைச் சொறிந்து) அது சரிதான். பிளக் வேண்டும், பாத்ரூம் வேண்டும், பேசலாம், காசு கேட்கக் கூடாது. மேலூர்க்காரன் மாட்டுத்தாவணியில் இறங்குவான், உசிலம்பட்டித் தம்பி ஆரப்பாளையத்தில், திருமங்கலத்து ஆள் பெரியார் பஸ் ஸ்டாண்டில். மூன்றுக்கும் நடுவில், பஸ் ஏறினால் பத்து ரூபாய்க்குள். அப்படி ஒரு இடம் இந்த ஊரில் எங்கேம்மா இருக்கிறது?

மரியம்: (மேலே பார்க்கிறார்.)

முருகேசன்: ஏன் விட்டத்தைப் பார்க்கிறாய்?

மரியம்: (தொடர்ந்து மேலே பார்க்கிறார்.)

முருகேசன்: மாடியா? மாடி முழுக்க நின்றுபோன கல்யாணத்துப் பத்திரிகை அடுக்கி வைத்திருக்கிறேன்!

மரியம்: பின்பக்கம் வெள்ளையாகத்தானே இருக்கிறது, குறிப்பு எழுதிக்கொள்ளலாம். பாத்ரூம் இருக்கிறது, ஃபேன் இருக்கிறது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் நான் கொண்டுவருகிறேன்.

முருகேசன்: எல்லோரும் ஒரே நேரத்தில் சொருகினால் ஃப்யூஸ் போகும். அப்புறம் கீழே கட்டிங் மிஷின் நிற்கும்.

மரியம்: முறை வைத்து சார்ஜ் போடச் சொல்கிறேன். பதிலுக்கு, உங்கள் பழைய பேஜ்மேக்கர் மென்பொருளில் செய்த பத்திரிகையெல்லாம் எந்தக் கம்ப்யூட்டரிலும் படிக்கிற யூனிகோடு எழுத்துக்கு மாற்றித் தரச் சொல்லி வாத்தியாரைப் பிடியுங்கள், அவருக்குப் பொழுது போக வேண்டும். வந்தவர்களை ஓசியில் வேலை வாங்கிக்கொள்ளலாம்ண்ணே.

முருகேசன்: (குரல் மாறி) ஓசியிலா? டீ யார் செலவு?

மரியம்: அவரவர் செலவு.

முருகேசன்: சரி, போடு. ஆள் வராவிட்டால் மாற்றிக்கொள்ளலாம்.

மரியம்: மாற்றவே கூடாது. நீங்களும் நானும் வாத்தியாரும் மட்டும் உட்கார்ந்தாலும் அதே கிழமை, அதே மாடி. (தட்டுகிறார்) "நாலாம் சனி, மாலை 4 மணி, முருகேசன் அண்ணன் கடை மாடி." அனுப்பிவிட்டேன். அட, அதற்குள் ஒரு பதில்!

முருகேசன்: வருகிறேன் என்கிறானா?

மரியம்: "தூரமாக இருக்கிறது, ஆன்லைன் லிங்க் கிடைக்குமா?"

முருகேசன்: பாவம், மேலூர்க்காரனா?

மரியம்: பக்கத்துக் கடை ஜெராக்ஸ் பாண்டி.

முருகேசன்: (எழுந்து போய்ச் சுவரை ஓங்கித் தட்டி) ஏய் பாண்டி! உன் மாடிக்கும் என் மாடிக்கும் ஒரே சுவர்தானடா, ஏறிக் குதி!