வரிசையில் நிற்பவர்கள் மனிதர்களாகத் தெரியவில்லையா?

நேற்று மதியம் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில், எட்டு ஆண்டுகளாக நான் போய்வரும் இத்தாலியக் குடும்பத்துச் சாண்ட்விச் கடையில் முப்பத்தைந்து நிமிடம் கால்கடுக்க நின்றேன். கடைசியில் வெறுங்கையோடு திரும்பினேன். அந்த வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

எனக்கு முன்னால் நின்றது நான்கே பேர். ஆனால் கல்லாவுக்குப் பக்கத்தில் டெலிவரி நிறுவனம் கொடுத்த டேப்லட் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அது 'டிங்' என்றால் போதும், கடைக்காரரின் மகன் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு அந்த ஆர்டருக்கு ஓடுகிறார். எனக்கு முன்னால் நின்ற கட்டடத் தொழிலாளிக்காகப் பிளந்த ரொட்டி பலகையில் வாய் திறந்தபடி கிடந்தது. மறுபடியும் டிங். மறுபடியும் டிங். வீட்டில் சோபாவில் சாய்ந்திருப்பவர்தான் முதல் வாடிக்கையாளர். வெயிலில் நடந்து வந்தவர் இரண்டாந்தரம். என்ன நியாயம் இது?

நியூயார்க்கில் இந்த சாண்ட்விச்சை ஹீரோ என்பார்கள். எள் தூவிய நீள ரொட்டியைப் பிளந்து, சொப்ரெசாட்டா, கப்பிகோலா என்ற இத்தாலியப் பன்றியிறைச்சி வகைகளைத் தாள் கனத்துக்குச் சீவி மடித்து அடுக்கி, புரொவொலோனே என்ற பாலாடைக்கட்டி வைத்து, எண்ணெயும் வினிகரும் தெளித்துக் கொடுப்பார்கள். வாங்கிய கையோடு தின்ன வேண்டிய பண்டம். அரை மணி நேரம் போனால் ரொட்டி ஊறிச் சொதசொதவென்று ஆகிவிடும். இறைச்சி தின்னாத எனக்கு, சுட்ட சிவப்புக் குடைமிளகாயும் மொஸரெல்லா பாலாடைக்கட்டியும் வைத்த ஹீரோதான் எப்போதும். அந்த மொஸரெல்லாவைக் கடைக்காரரின் தாயார் காலையில் சுடுநீரில் பிசைந்து இழுத்து, உருண்டை உருண்டையாக அவர் கையாலேயே செய்கிறார். அன்றன்றைக்குச் செய்தது அன்றோடு சரி.

அவ்வளவு பாடுபட்டுச் செய்த உணவு எங்கே போயிற்று தெரியுமா? ஜன்னலோரப் பலகையில் ஆறு காகிதப் பைகள், எடுத்துப் போக ஆள் வராமல் காத்துக் கிடந்தன. ஒரு பையின் அடியில் எண்ணெய்க் கறை காசு அளவில் தொடங்கி உள்ளங்கை அளவுக்குப் பரவியதை நின்ற இடத்திலிருந்தே பார்த்தேன். அவற்றை எடுத்துப் போக மின்சைக்கிளில் வரும் டெலிவரித் தொழிலாளியைக் குறை சொல்லமாட்டேன். அவர் இன்னொரு கடை வாசலில் இதேபோல் காத்திருந்திருப்பார்.

என் முறை வந்தது. "மொஸரெல்லா தீர்ந்துவிட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள்" என்றார் அந்த அம்மா. கடைசி உருண்டை என் கண்ணெதிரே ஏழாவது பைக்குள் போயிருந்தது.

ஏன் இப்படி என்று மகனிடமே கேட்டேன். ஆர்டர் தாமதமானால் செயலியில் மதிப்பெண் குறையுமாம், கடை பட்டியலில் கீழே போய்விடுமாம். இந்தச் செயலிகள் கடைக்காரர்களிடம் 30 விழுக்காடு வரை கமிஷன் கறந்தவை. அது பொறுக்காமல்தான் நியூயார்க் நகர மன்றம் 2020இல் டெலிவரிக் கட்டணத்துக்கு 15 விழுக்காடு என்று உச்சவரம்பு வைத்து, 2021இல் அதை நிரந்தரமாக்கியது. உடனே நிறுவனங்கள் நகரத்தின் மீதே வழக்குப் போட்டன. பதினைந்து விழுக்காடே கொள்ளைதான். நான் முழுப் பணம் கொடுக்கிறேன், கமிஷன் கிடையாது, பைகூட வேண்டாம். என்னையா நிற்க வைப்பது?

அந்தக் குடும்பத்திடம் நான் கேட்பது ஒன்றுதான். பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை அந்தக் கருவியை அணைத்து வையுங்கள். முடியாதென்றால், வரிசையில் எத்தனை பேர் நிற்கிறார்களோ அத்தனை உருண்டைகளையாவது தனியே எடுத்து வையுங்கள்.