கழுத்தில் தொங்கிய மரத்துண்டு

தெற்குப் பிரான்ஸின் துலூஸ் நகர மெட்ரோவில் நிலையத்தின் பெயரை இரண்டு முறை சொல்வார்கள். முதலில் பிரெஞ்சில், அப்புறம் அந்தப் பகுதியின் பழைய மொழியான ஒக்சித்தானில். அந்த இரண்டாவது அறிவிப்பைப் புகழ்ந்து ஒருவர் எழுதியிருந்தார். எனக்கென்னவோ புகழத் தோன்றவில்லை.

ஒக்சித்தானில் ‘ஆமாம்’ என்பதற்கு ‘ஓக்’. மொழிக்குப் பெயரே அதிலிருந்து வந்ததுதான். 12ஆம் நூற்றாண்டில் த்ருபதூர் கவிஞர்கள் இந்த மொழியில் பாடிய காதல் பாட்டுகள் ஐரோப்பா முழுக்கப் பரவின. பெண்களும் பாடினார்கள். இத்தாலியக் கவிஞர் தாந்தே தன் காவியத்தில் அர்னாவுத் தானியேல் என்ற த்ருபதூரைப் பேச வைக்கும் இடத்தில், எட்டு வரிகளை ஒக்சித்தானிலேயே எழுதினார். அவ்வளவு மரியாதை.

இந்த மொழிக்குத்தான் பின்னாளில் ‘பத்துவா’ என்று பட்டம் கட்டினார்கள். பட்டிக்காட்டுக் கொச்சை என்று அர்த்தம். பள்ளிக்கூடத்தில் வாய் தவறி ஒரு ஒக்சித்தான் வார்த்தை பேசிவிட்டால் கழுத்தில் ஒரு மரத்துண்டு, இல்லாவிட்டால் பழைய மரச்செருப்பு. அதைக் கழற்ற ஒரே வழி, இன்னொரு பையன் அப்படிப் பேசும்போது பிடித்துக்கொடுப்பது. சாயங்காலம் மணியடிக்கும்போது யார் கழுத்தில் இருக்கிறதோ அவனுக்குத் தண்டனை. வாத்தியார் பிரம்பைத் தேடி அலைய வேண்டியதில்லை, பிள்ளைகளே ஒருவரையொருவர் வேவு பார்த்துக்கொண்டார்கள். அப்படி வளர்ந்தவர்கள் தங்கள் பிள்ளைகளிடம் பிரெஞ்சில் மட்டுமே பேசினார்கள். அந்த மனநிலைக்கு அங்கே ‘வெர்கோன்யா’ என்று பெயர். வெட்கம்.

இது நடந்துகொண்டிருந்த காலத்தில்தான், 1904இல், மிஸ்திரால் என்ற கவிஞருக்கு இலக்கிய நோபல் பரிசு கிடைத்தது. அவர் எழுதியது ஒக்சித்தானின் ஒரு வட்டார வழக்கான புரோவன்சாலில். (அது ஒக்சித்தானே இல்லை, தனி மொழி என்பவர்களும் உண்டு. அந்தப் பஞ்சாயத்து இப்போது வேண்டாம்.)

சரி, இதெல்லாம் பழைய கதை என்பீர்கள். இல்லை. 1992இல்தான் ‘குடியரசின் மொழி பிரெஞ்சு’ என்று அரசியலமைப்பில் சேர்த்தார்கள். 1979இல் போ நகரில் ஆரம்பித்த கலாந்த்ரெத்தா பள்ளிகள் பாடங்களை ஒக்சித்தானிலேயே நடத்துகின்றன. அந்த முறையைச் சட்டத்தில் சேர்க்கப் பார்த்தபோது, 2021இல் அரசியலமைப்பு மன்றம் அதே வரியைக் காட்டி ரத்து செய்தது. பிரெனீஸ் மலைக்கு அந்தப் பக்கம், ஸ்பெயினின் கத்தலோனியா மாநிலத்தில் இருக்கும் ஆரான் பள்ளத்தாக்கில், மொத்தமே பத்தாயிரம் பேர் சொச்சம். அவர்கள் பேசும் ஒக்சித்தான் 2006 முதல் கத்தலோனியா முழுவதற்கும் ஆட்சிமொழிகளில் ஒன்று.

துலூஸில் ரயில் நிலையத்தின் பெயர் கேட்கிறது. ஒரு குழந்தை அந்த மொழியில் கணக்குப் படிக்கலாமா என்றால் மட்டும் அரசியலமைப்பைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.