தம்புராவில் ஒலிக்கும் காந்தாரம்

தம்புராவில் ஏழு சுரங்களில் மூன்றாவதான காந்தாரத்துக்கென்று தந்தி கிடையாது. ஒன்று பஞ்சமம், இரண்டு மத்திய சட்ஜம், ஒன்று மந்தர (கீழ்ஸ்தாயி) சட்ஜம் என்று நான்கே தந்திகள். நாற்பது வயதுக்கு மேல் நான் பாட்டு கற்கச் சென்றபோது, என் ஆசிரியை மந்தரத் தந்தியை மட்டும் மீட்டி, "இதில் அந்தர காந்தாரம் கேட்கிறதா?" என்றார். காந்தாரத்தின் வகைகளில் உயர்ந்தது அது. பல வாரங்கள் எனக்குக் கேட்கவே இல்லை. ஒருநாள் அவர் அந்தக் காந்தாரத்தை மெல்லப் பாடி நிறுத்திவிட்டு உடனே தந்தியை மீட்டினார். அவர் குரல் விட்ட இடத்திலேயே தந்தி அதைத் தொடர்ந்து பாடியது. மந்தர சட்ஜத்தைப் போல ஐந்து மடங்கு அதிர்வெண் கொண்ட மேற்சுரம் அது, அதாவது தந்தியின் அடிப்படை ஒலியோடு சேர்ந்தே எழும் மெல்லிய ஒலி. தந்திக்கும் குதிரைக்கும் இடையே செருகும் ஜீவாளி நூலைச் சரியான இடத்தில் நிறுத்தினால் இன்னும் துலங்கும். முதல் நாளிலிருந்தே அது என் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. கேட்கத் தெரியாமல் இருந்தவன் நான்.

அதற்கு முன் பத்தாண்டுகளாக ஹெட்போன், ஆம்ப்ளிஃபையர், கேபிள் என்று கணிசமாகச் செலவழித்திருந்தேன். விலையுயர்ந்த ஒரு கேபிளை மாட்டியதும் வயலினின் ஒலி விரிந்து கேட்டதாக நண்பர்களிடம் மனமாரச் சொன்னேன். பின்னர் ஒரு நண்பர், எதை மாட்டியிருக்கிறார் என்று சொல்லாமல் பழைய கேபிளையும் புதியதையும் மாற்றி மாற்றி மாட்டி, பத்து முறை கேட்கச் செய்தார். ஐந்து முறைதான் சரியாகச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு பூவா தலையா போட்டாலும் அவ்வளவு வரும். ஆனால் முதல் நாள் நான் உணர்ந்த விரிவு பொய்யன்று. அது உண்மையாகவே எனக்குக் கேட்டது. கேபிளிலிருந்து வரவில்லை, அவ்வளவுதான். ஆடியோ ஆர்வலர்களைப் பொய்யர்கள் என்று ஏசுபவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை என்பது என் வருத்தம்.

காதுக்கு வருவதை மனம் அப்படியே வாங்கிக்கொள்வதில்லை. பழைய தொலைபேசி இணைப்பு ஏறத்தாழ 300 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலியைக் கடத்தாது. ஓர் ஆணின் பேச்சுக்குரலின் அடிப்படை அதிர்வெண்ணோ பெரும்பாலும் 100 முதல் 150 ஹெர்ட்ஸுக்குள் இருக்கும். ஆனாலும் அப்பாவின் கனத்த குரல் கனத்த குரலாகவே நமக்குக் கேட்டது, ஏனெனில் மேற்சுரங்களின் இடைவெளியைக் கொண்டு மூளை அந்த அடித்தளத்தைத் தானே கட்டிக்கொண்டது. 1976-இல் மெக்கர்க், மெக்டொனால்ட் ஆகிய இரு உளவியலாளர்கள், 'பா' என்ற ஒலியை 'கா' என்று அசையும் உதடுகளோடு சேர்த்துக் காட்டியபோது பலருக்கு 'டா' என்று கேட்டதாக எழுதினார்கள். இந்த உண்மையை அறிந்த பிறகும் அந்த மயக்கம் விலகுவதில்லை. ஆகவே இசைப் பயிற்சி உள்ளவருக்கு எதிர்பார்ப்பு ஒன்றும் செய்யாது என்று நான் நம்பவில்லை. காந்தாரத்தைக் கண்டுபிடிக்கும் காதும் விலைச்சீட்டைப் பார்த்தால் மயங்கும்.

இதனால்தான் கருவிகளைப் பற்றி எழுதுபவர்களிடம் ஒன்றை வற்புறுத்திக் கேட்கிறேன். இரண்டு கருவிகளை ஒப்பிடும்போது ஒலி அளவைக் கருவி கொண்டு அளந்து சமமாக வையுங்கள். ஒரு டெசிபலுக்கும் குறைவான உயர்வு, சத்தம் கூடியதாகத் தோன்றாமல் தெளிவு கூடியதாகத் தோன்றிவிடும். எது எந்தக் கருவி என்பதை வேறொருவர் மறைத்து வைக்கட்டும்.

கேள்வி ஞானம் என்று நம் பெரியவர்கள் சொன்னது எவ்வளவு பொருள் பொதிந்தது என்பதை ஆசிரியையின் வீட்டில்தான் உணர்ந்தேன். மின் ஒலிப்பதிவு வருவதற்கு முன், அதாவது 1925-க்கு முன், கூம்புக் குழாயின் முன் நின்று பாடிப் பதிந்த இசைத்தட்டு ஒன்றின் பிரதியை அவர் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு முதலில் கேட்டது இரைச்சல் மட்டுமே. அவரோ தோடி ராகத்தின் காந்தாரம் ரிஷபத்துக்கும் மத்திமத்துக்கும் இடையே அசைவதைக் கையசைத்துக் காட்டினார். இரைச்சலைப் பற்றி நான் சொன்ன பிறகே, "ஆமாம், இருக்கிறது" என்றார். இரண்டு ஆண்டுகள் தோடி வர்ணம் பாடிப் பழகிய பிறகு அதே பதிவை என் ஹெட்போனிலும் கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியிலும் மாற்றி மாற்றிக் கேட்டேன். இரண்டிலும் அந்தக் காந்தாரம் ஒரே அசைவோடு வந்தது.