என் இடுப்பு எப்போது வலிக்கிறது என்று, டாக்டர்களே, உங்களில் ஒருவராவது கேட்டீர்களா?

போன வாரம் ஓர் எலும்பு டாக்டர் என் ஸ்கேன் படத்தை விளக்குப் பெட்டியில் செருகி அரை நிமிடம் பார்த்துவிட்டு, “வலிக்கிற அளவுக்கு இதில் ஒன்றுமே இல்லையேம்மா” என்றார். இரண்டு வருடத்துக்கு முன்பு இதே இடுப்பைப் படம் எடுத்துப் பார்த்த இன்னொருவர், கீழ்முதுகில் எல்4, எல்5 எலும்புகளுக்கு நடுவில் மெத்தைபோல் இருக்கிற டிஸ்க் பிதுங்கியிருக்கிறது, ஆபரேஷனுக்குத் தயாராக இருங்கள் என்று சொல்லி எங்கள் வீட்டையே ஒரு மாதம் தூங்கவிடாமல் செய்திருந்தார். யார் சொன்னது சரி? இருவரும் படத்தைப் பார்த்தார்கள், என்னைப் பார்க்கவில்லை. அது மட்டும்தான் எனக்குத் தெரியும்.

முதுகுவலியே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று அமெரிக்காவில் 1994இலேயே வெளிவந்துவிட்டது. அவர்களில் 52 சதவீதம் பேருக்கு ஒரு டிஸ்காவது பிதுங்கியிருந்தது. அப்படியென்றால் பிதுக்கம் தெரிகிறது என்பதற்காகவே கத்தியை எடுக்க முடியாது. பிதுக்கம் பெரிதாக இல்லை என்பதற்காக வலியே இல்லை என்றும் சொல்ல முடியாது. இது படித்தவர்களுக்குத் தெரியாதா?

என் வலியைச் சொல்கிறேன், யாராவது முழுதாகக் கேளுங்கள். விடியற்காலை நான்கு மணிக்கு எழுப்பிவிடும். புரண்டு படுக்க முடியாது. ஜன்னல் கம்பியைப் பிடித்து, முதலில் இடுப்பை நகர்த்தி, பிறகு ஒரு காலைத் தரையில் ஊன்றி, அப்புறம்தான் அடுத்த காலை இறக்க முடியும். பிட்டத்திலிருந்து தொடையின் பின்பக்கமாக முழங்கால் வரை இழுக்கும். ஒரு வாரம் இடப்பக்கம், அடுத்த வாரம் வலப்பக்கம். கூடத்துக்கும் சமையலறைக்கும் இடையே சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பேன். பால்காரர் வந்து மணியடிக்கிற நேரத்துக்குத்தான் இடுப்பு எனக்குச் சொந்தமாகும். பள்ளியில் நாள் முழுக்க நின்று பாடம் நடத்துகிற நாட்களில் தேவலை. ஞாயிற்றுக்கிழமை மதியம் படுத்து எழுந்தால்தான் உயிர் போகிறது.

இதற்கு எனக்குக் கிடைத்த மருந்து: “நன்றாகப் படுத்து ஓய்வெடுங்கள்.”

ஒரு டாக்டர் எடையைக் குறைக்கச் சொன்னார். ஒருவர் வைட்டமின் டி குறைவு என்றார். நரம்பு டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையில் வகுப்பறையில் கண் சொருகியது, வலி அப்படியே இருந்தது. பிரசவத்தில் முதுகில் ஊசி போட்டதன் விளைவு என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். வலி தொடங்கியதோ குழந்தைக்கு ஒன்றரை வயதானபோது. எல்லாவற்றையும்விட என் வயிறெரிந்தது ஒரு டாக்டரிடம். நான் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே என் கணவரைப் பார்த்து, “வீட்டில் ஏதாவது மனக்கஷ்டமா?” என்று கேட்டார். ஐந்து வருடம் சரியாகத் தூங்காதவளுக்கு மனக்கஷ்டம் இருக்காதா? வலியால் வந்த கண்ணீரைக் காட்டி, கண்ணீரால்தான் வலி என்பது எந்த ஊர் வைத்தியம்?

கடைசியில் பிசியோதெரபி அறையில், என்னைவிடப் பத்து வயது இளைய ஒரு பெண்தான் கேட்டாள். “அக்கா, எழுந்து நடந்தால் வலி கூடுகிறதா, குறைகிறதா?” ஏழு டாக்டர்கள் கேட்காத கேள்வி. அங்கேயே அழுதுவிட்டேன்.

டிஸ்கால் வருகிற வலி பெரும்பாலும் உடம்பை வருத்தினால் கூடும், படுத்தால் தணியும். அழற்சியால் வருகிற முதுகுவலி இதற்கு நேர் எதிர். படுத்தால் கூடும், நடந்தால் தணியும், பின்னிரவில் எழுப்பும், காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் இடுப்பு விறைத்துக் கிடக்கும். 45 வயதுக்குள் மெல்ல மெல்லத் தொடங்கும். ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்ற முதுகெலும்பு மூட்டு அழற்சி நோய் இந்த வகை. எச்.எல்.ஏ. பி27 என்ற மரபணுவுக்கும் இதற்கும் உள்ள தொடர்பு 1973இலேயே தெரிந்துவிட்டது. எக்ஸ்ரேயில் தெரிய வருடக்கணக்காகலாம், அழற்சியைக் காட்டுகிற ஈ.எஸ்.ஆர். ரத்தப் பரிசோதனை சரியாகவே இருக்கலாம். ஆண்களின் நோய் என்றே நெடுங்காலம் நினைத்திருந்ததால் பெண்களுக்குக் கண்டுபிடிப்பது இன்னும் தாமதமாகிறது.

எனக்கு இருப்பது அதுதான் என்று நான் சொல்லவில்லை. அதுவாக இருக்குமோ என்று ஏன் ஒருவருக்கும் தோன்றவில்லை என்றுதான் கேட்கிறேன். மூன்று எம்.ஆர்.ஐ.யும் கீழ்முதுகுக்கு மட்டும் எடுத்தவை. முதுகெலும்பின் அடியும் இடுப்பெலும்பும் சேருகிற மூட்டை அந்தப் படம் சரிவரக் காட்டாது. ஒவ்வொரு முறையும் 7,000 ரூபாய் கட்டி, அதே இடத்தையே படம் எடுத்திருக்கிறேன்.

அரசு மருத்துவமனையில் ஒரே டாக்டர் காலையில் நூறு பேரைப் பார்க்கிறார், அங்கே அவசரப்பட்டால் எனக்குப் புரிகிறது. 600 ரூபாய் வாங்கிக்கொண்டு, டோக்கன் கொடுத்து, இரண்டு மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, நான் வாயைத் திறக்கும் முன்பே மருந்துச் சீட்டை எழுதத் தொடங்குபவர்களைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

இந்த மாதிரி மூட்டு அழற்சியைப் பார்க்கிற வாதநோய் நிபுணர் ஒருவரிடம் வரும் வியாழக்கிழமைக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். பழைய படங்கள் எல்லாம் பையில் இருக்கின்றன. மேலே ஒரு தாளில் வலி வருகிற மணி, விறைப்பு விடுகிற மணி, எந்தப் பக்கம் என்று முப்பது நாளுக்கும் எழுதி வைத்திருக்கிறேன். படத்தை எடுக்கும் முன்பு அந்தத் தாளைத்தான் அவர் கையில் கொடுக்கப்போகிறேன்.