எந்த விமானம் ஓட்டினீங்க?

விமானப்படையில் இருபது வருடம் இருந்தேன் என்று சொன்னால் அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: "எந்த விமானம் ஓட்டினீங்க?" ஓட்டவில்லை என்றதும் எதிரில் இருப்பவர் முகம் லேசாகச் சுருங்கும். அப்புறம் பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

பத்தொன்பது வயதில் சேர்ந்து சார்ஜென்டாக ஓய்வு பெற்றவன் நான். போர் விமானங்களின் இன்ஜின்தான் என் வேலை. இன்ஜின் வாய்க்குள் டார்ச்சோடு ஊர்ந்துபோய் பிளேடுகளில் கீறல் பார்ப்பேன். காலையில் எல்லோரும் வரிசையாக நடந்து தரையில் கிடக்கும் கல், ஆணி, கம்பித் துண்டு பொறுக்குவோம். இன்ஜின் அதை உறிஞ்சினால் என்ன ஆகும் என்பது எங்களுக்குத் தெரியும். எல்லாம் முடிந்து பதிவேட்டில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் விமானி ஏறுவார்.

சேர்ந்து மூன்றாவது வருடம். இரவு வேலை முடிந்து கருவிப் பெட்டியை மூடப் போகிறேன். ஒவ்வொரு கருவிக்கும் அதனதன் வடிவத்தில் பள்ளம் வெட்டியிருக்கும். ஒரு பள்ளம் காலி. போல்ட் முடுக்கும் சாக்கெட், விரல் நுனி அளவு. யாரிடமும் சொல்லாமல் ஐந்து நிமிடம் தேடினேன். அந்த ஐந்து நிமிடத்துக்காக இன்றைக்கும் எனக்கு வெட்கம்தான். பிறகு போய்ச் சொன்னேன்.

அது கிடைக்கும்வரை நான் தொட்ட விமானம் எதுவும் கிளம்பாது. மொத்த ஷிஃப்டும் வீட்டுக்குப் போகாமல் பேனல்களைக் கழற்றியது. விடியற்காலை நான்கு மணிக்கு ஒரு குழாய்க்குப் பின்னால் பளபளவென்று உட்கார்ந்திருந்தது. வாரண்ட் ஆஃபீசர் அதை வாங்கிப் பள்ளத்தில் வைத்தார். "சரி, பூட்டு" என்றார். அவ்வளவுதான். மறுநாள் ஷூ பாலிஷ் சரியில்லை என்று அரை மணி நேரம் வாங்கு வாங்கென்று வாங்கினார், அது வேறு கதை.

தப்பை ஒத்துக்கொண்டவனைத் தண்டிக்காத இந்தப் பழக்கம் வெளியே வந்தபின் பார்த்த வேலைகளில் இல்லை. தப்பு நடந்தால் 'யார்' என்பதுதான் முதல் கேள்வி. 'ஏன்' என்று கேட்க ஆளில்லை. 'ஏன்' என்று கேட்ட ஒரு விசாரணையைச் சொல்கிறேன். 1990 ஜூனில் ஒரு பிரிட்டிஷ் பயணிகள் விமானத்தின் முன் கண்ணாடி நடுவானில் பிய்ந்து, கேப்டன் பாதி உடம்போடு வெளியே தொங்கினார். பிழைத்துக்கொண்டார். கிளம்புவதற்கு 27 மணி நேரம் முன்பு மாட்டிய 90 போல்ட்களில் 84 கொஞ்சம் மெலிதானவை. பழைய போல்ட்டோடு கண்ணால் ஒப்பிட்டு எடுத்திருந்தார்கள். விசாரித்தவர்கள் மாட்டியவரோடு நிறுத்தவில்லை. இரவுப் பணி, ஆள் பற்றாக்குறை, வேலை நடந்த முறை எல்லாவற்றையும் தோண்டினார்கள். தப்பை ஒத்துக்கொண்டவனை உடனே வேலையைவிட்டு அனுப்பும் இடத்தில் அடுத்தவன் எப்படி வாயைத் திறப்பான்?

விமானப்படையில் குறைகளும் உண்டு. என்னைவிட ரொம்பச் சின்ன வயது அதிகாரிக்கு சல்யூட் அடித்தது பெரிதில்லை. மகள் ஐந்து பள்ளிக்கூடம் மாறினாள், அதுதான் உறுத்தல். அத்தனை வருட அனுபவத்தைக் கொண்டுபோனால், சிவில் லைசென்ஸுக்கு மறுபடி முதலிலிருந்து பரீட்சை எழுதச் சொன்னார்கள்.

எந்த விமானம் ஓட்டினீங்க என்று கேட்டால் இப்போதெல்லாம் கோபம் வருவதில்லை. இன்ஜின் சத்தத்தில் இடது காது போய்விட்டது. அந்தப் பக்கமிருந்து கேட்டால் கேள்வியே விழுவதில்லை.