இடுப்புவலிக்குப் படுக்கை மருந்தில்லை

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப்புற ஊரில் இடுப்புவலி இல்லாத வீடு கிடையாது. பால் மரம் சீவியவர்கள், செம்பனைக் குலை வெட்டித் தள்ளியவர்கள், உதிரிப்பழம் பொறுக்கிப் பொறுக்கியே முதுகு வளைந்தவர்கள். அதனால் வலி என்றதும் ஒரே தீர்ப்புதான்: "எலும்பு தேஞ்சு போச்சு, இனிமே படுத்துக் கிட." இந்தத் தீர்ப்போடுதான் எனக்குச் சண்டை.

மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அதை நாள்பட்ட வலி என்கிறார்கள். அப்படிப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு, இந்த எலும்பு, இந்த நரம்பு என்று காட்டும்படி ஒரு காரணம் கிடைப்பதில்லை. வலி பொய் என்று இதற்கு அர்த்தமில்லை. பளு தூக்கியதில் தொடங்கியிருக்கலாம். ஆனால் அது போகாமல் ஒட்டிக்கொள்வதில் தூக்கமின்மைக்கும், மனக்கவலைக்கும், சிகரெட்டுக்கும், கூடிப்போன எடைக்கும், 'அசைஞ்சா இன்னும் கெட்டுரும்' என்ற பயத்துக்கும் பங்கு இருக்கிறது.

ஈப்போவுக்குப் போய் எம்ஆர்ஐ எடுத்தால் தெரிந்துவிடும் என்பார்கள். முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் முடிவுகளைத் திரட்டி 2015இல் ஓர் ஆய்வு வந்தது. 20 வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க், அதாவது முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் தட்டு, தேய்மானம். 50 வயதில் 80 சதவீதம். அப்படியிருக்க, அத்தையின் ரிப்போர்ட்டில் 'தேய்மானம்' என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, அவரைச் சமையலறைப் பக்கம்கூட விடாமல் கட்டிலில் உட்கார வைப்பது என்ன நியாயம்?

ஸ்கேனே வேண்டாம் என்று சொல்லவில்லை. சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் இல்லாமல் போனாலோ, மலவாயைச் சுற்றி மரத்துப்போனாலோ, கால் பலம் இழந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு, முன்பு புற்றுநோய் வந்தவர் என்றாலும் தள்ளிப்போடாதீர்கள்.

எனக்கு உண்மையில் கோபம் வருவது பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையிலும் வாட்ஸாப்பிலும் விற்கும் அந்த 'மூலிகை' மாத்திரைகள் மேல்தான். இரண்டே நாளில் வலி பறந்துவிடும். எப்படி? பதிவில்லாத இப்படிப்பட்ட மருந்துகளில் டெக்ஸாமெத்தாசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. மாதக்கணக்கில் விழுங்கினால் முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு நிஜமாகவே பலவீனமாகும். தேய்மானத்துக்குப் பயந்து சாப்பிட்டு, எலும்பைத் தாங்களே கெடுத்துக்கொள்கிறார்கள்! நீண்ட நாள் சாப்பிட்டவர் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. டாக்டரிடம் மாத்திரையைக் காட்டித்தான் நிறுத்த வேண்டும். வாங்கும் முன் பெட்டியில் 'எம்ஏஎல்' (MAL) பதிவு எண் இருக்கிறதா, அந்த எண் அமைச்சின் பதிவில் இருக்கிறதா என்று பாருங்கள்.

சரி, என்னதான் செய்வது? 2023இல் உலக சுகாதார நிறுவனம் இதற்கென்றே வழிகாட்டி வெளியிட்டது. வழக்கமான சிகிச்சையாக இடுப்பு பெல்ட் வேண்டாம், இழுவை சிகிச்சை வேண்டாம் என்கிறது. உடற்பயிற்சி, வலியைப் பற்றிய விளக்கம், மனநல ஆலோசனை ஆகியவற்றைச் சொல்கிறது. உருவிவிடுவதற்கும் அதில் இடமுண்டு, பாட்டிகள் சந்தோஷப்படலாம். அப்புறம் நடை. முதுகுவலியிலிருந்து மீண்ட 701 பேரை வைத்து ஆஸ்திரேலியாவில் ஓர் ஆய்வு நடத்தி 2024இல் வெளியிட்டார்கள். பிசியோ (உடலியக்கச் சிகிச்சையாளர்) வழிகாட்டலோடு நடந்தவர்களில் பாதிப் பேருக்கு வலி திரும்ப 208 நாள் ஆனது, மற்றவர்களில் 112 நாள்.

"நாள் பூரா தோட்டத்துலதானே நடக்கிறேன்" என்று குலை வெட்டும் அண்ணன்மார் கேட்பார்கள். நியாயம்தான். அவர்களுக்கு வேண்டியது கூடுதல் நடையல்ல. சுமையை ஏற்ற வண்டி, இடையில் ஓய்வு, இடுப்புக்கும் தொடைக்கும் மெல்ல மெல்லப் பலமேற்றும் பயிற்சி. முதல் இரண்டையும் கொடுக்க வேண்டியது நிர்வாகம். யூனியன் கூட்டத்தில் சம்பளத்தோடு சேர்த்து இதையும் கேளுங்கள்.

மற்றவர்கள் அரசாங்க கிளினிக்கில் 1 ரிங்கிட் கட்டிப் பதிந்து, மாத்திரையோடு எழுந்து வராமல், "டாக்டர், பிசியோவுக்கு லெட்டர் கொடுங்க" என்று கேளுங்கள்.